தெருவில் திரியும் குதிரைகள்: சட்டத்தின் பிடியில் சிக்குவது யார்?

தமிழகத்தின் உதகமண்டலத்தில் சாலைகளில் திரியும் குதிரைகள் நீண்டகாலமாகவே ஒரு பிரச்சினையாக இருந்துவருகின்றன. இவை காட்டுக் குதிரைகள் அல்ல. பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளைச் சவாரி ஏற்றிச் செல்பவை. வேலை முடிந்ததும் உரிமையாளர்களால் அவிழ்த்துவிடப்படுபவை. குப்பையில் இரை தேடும் இவற்றால் போக்குவரத்துக்கும் பாதசாரிகளுக்கும் ஆபத்து நேர்கிறது. குதிரைகளும் வாகனங்களில் அடிபடுகின்றன.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் 1871ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கால்நடை அத்துமீறல் சட்டம், குதிரைகளையும் கால்நடை என்றே வரையறுத்தது. பொதுச்சாலையில் திரியும் கால்நடையைப் பிடித்துப் பட்டியில் அடைக்கலாம். 7 நாட்களில் எவரும் உரிமை கோராவிட்டால் அறிவித்தல் வெளியிட்டு, மேலும் 7 நாட்களுக்குப் பின் ஏலம் விடலாம் என்றது அச்சட்டம்.

ஆனால் இம்முறையில் பிடிபடுவது குதிரை மட்டுமே. வயதான அல்லது நொண்டும் குதிரையை மீட்க உரிமையாளர் வரவேண்டிய அவசியம் இல்லை. விலங்கைக் கைவிடுவது குற்றம் என்று கூறிய 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், முதல் குற்றத்துக்கு விதித்த அபராதமோ வெறும் 10 முதல் 50 ரூபாய் வரைதான். குதிரையின் ஒருநாள் தீவனத்துக்குக்கூட இது போதாது.

2023இல் நிறைவேற்றப்பட்ட பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு, விலங்கை ஆபத்து விளையும் வகையில் கவனக்குறைவாக வைத்திருப்போருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று தண்டனையைக் கூட்டியது. எனினும் உரிமையாளர் யார் என நிரூபிக்க இயலாத இடத்தில் இதனாலும் பயனில்லை.

கனடாவில், கர்க்லாண்ட் உள்ளிட்ட மொன்றியல் புறநகர்களுக்கும் பொருந்தும் கியூபெக் குடியியல் சட்டக்கோவையின் 1466ஆவது பிரிவு, விலங்கு தப்பி ஓடியிருந்தாலும் அது விளைவித்த சேதத்துக்கு உரிமையாளரே பொறுப்பு என்கிறது. மொன்றியல் மாநகரம் 2020 முதல் குதிரை வண்டிகளைத் தடை செய்தபோது, வேலையிழந்த குதிரைகளின் கதி என்ன என்ற கேள்வியும் எழுந்தது. அவற்றைக் காப்பகங்களுக்கு அனுப்பக் குதிரை ஒன்றுக்கு 1,000 டாலர் வழங்க மாநகரம் முன்வந்தது.

உதகைக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அபராதத்தை மட்டும் உயர்த்தினால், வருமானம் குறைந்த குதிரைக்காரர்கள் பிடிபட்ட குதிரையைக் கைகழுவவே முற்படுவர். ஒவ்வொரு குதிரைக்கும் அடையாளச் சில்லு பொருத்தி, அதைச் சவாரி உரிமத்துடன் இணைத்து, இரவுத் தொழுவத்துக்கும் முதுமைக்காலப் பராமரிப்புக்கும் வழி செய்தால் மட்டுமே பொறுப்பு உரியவரைச் சென்றடையும்.