வெண்ணெய்நல்லூர் ஓலையும் ட்விட்டர் வழக்கறிஞரும்

திருவெண்ணெய்நல்லூரில் நடந்ததாகப் பெரியபுராணம் ஒரு வழக்கைச் சொல்கிறது. மணக்கோலத்தில் இருந்த சுந்தரரைத் தடுத்து, உன் பாட்டன் எழுதிய ஓலைப்படி நீ என் அடிமை என்கிறார் ஒரு கிழவர். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழிந்தது படி ஓலை; மூல ஓலையை வெண்ணெய்நல்லூர்ச் சபையிலே நீட்டுகிறார் கிழவர். பாட்டன் கையெழுத்தை ஒத்துப் பார்க்கிறார்கள். தீர்ப்பு, அடிமைதான்!

அந்தணன் அந்தணனுக்கு அடிமையாவது உண்டா என்பதுதான் அங்கே எழுந்த வியப்பு. மனிதன் மனிதனுக்கு அடிமையாகலாமா என்று கேட்க அந்தச் சபையில் ஆள் இல்லை!

தோழர்களே, இன்று நம் கைப்பேசியிலும் ஓர் ஓலை வருகிறது. நூறு பக்கம், யாரும் படிப்பதில்லை. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று விரலை வைக்கிறோம். அந்த ஓலைக்கு வாசகம் வகுக்கும் இடத்தில் பல்லாண்டு இருந்தவர் விஜயா கட்டே. 1974-இல் ஐதராபாத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்கா சென்று, டெக்சாசில் வளர்ந்தவர். அவருடைய தந்தை வீடு வீடாகக் காப்பீட்டுத் தொகை வசூலிக்க, நிறவெறிக் கூட்டமான கூ கிளக்ஸ் கிளான் தலைவனிடம் இசைவு பெற வேண்டியிருந்தது என்று ஏடுகள் எழுதின. எந்தச் சேரித் தோழனுக்கும் விளக்கம் தேவைப்படாத செய்தி அது!

சட்டம் படித்தார், பெருநிறுவனங்களுக்கு வழக்கறிஞராக இருந்தார், 2011-இல் ட்விட்டரில் சேர்ந்தார், 2013-இல் தலைமைச் சட்ட அதிகாரியானார். எவர் பேசலாம், எவர் வாயை அடைக்கலாம் என்ற விதிகள் அவர் துறையின் பொறுப்பாயின. 2021 சனவரியில், அமெரிக்க நாடாளுமன்றம் தாக்கப்பட்ட இரண்டாம் நாள், பதவியில் இருந்த அதிபர் டிரம்பின் கணக்கையே நிறுவனம் மூடியது. துணிவுதான், மறுக்கவில்லை.

ஆனால் 2018 நவம்பரை நாம் மறப்பதற்கில்லை. நிறுவனத் தலைவர் ஜாக் டோர்சி இந்தியா வந்தார். பெண்கள் சிலரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். கையிலே ஓர் அட்டை: பார்ப்பனிய ஆணாதிக்கத்தைத் தகர்ப்போம் என்பது அதன் பொருள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தேன்மொழி சவுந்தரராசன் வரைந்தது. வந்ததே கூச்சல்! உடனே விஜயா கட்டே வருத்தம் தெரிவித்தார். அது நிறுவனத்தின் கருத்தன்று என்றார். வெள்ளை நிறவெறியின் நிழலில் வளர்ந்தவருக்கு, ஓர் அட்டையைத் தாங்கி நிற்க ஒரு நாள் கூட முடியவில்லை. வாள் எவரும் எடுக்கவில்லை. சாதி முகம் சுளித்தது, அவ்வளவே!

1933-இல் ‘குடி அரசு’ தலையங்கத்துக்காகப் பெரியாரும், அதை வெளியிட்ட தங்கை கண்ணம்மாளும் கைதாகிச் சிறை சென்றார்கள். அடக்குமுறைதான், என்றாலும் குற்றம் இன்னதென்று சொல்ல ஒரு மன்றம் இருந்தது, குற்றவாளி எனப்பட்டவர் நாடறிய நின்றார். இன்று நம் தோழனின் பக்கம் முடக்கப்பட்டால், எந்த ஊரில், எந்த நீதிபதியிடம் போய் நிற்பது? வெண்ணெய்நல்லூர்க் கிழவராவது சபைக்கு வந்தார்!

ஓலை வகுத்தவர் கதையும் வேறல்ல. 2022 அக்டோபரில் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை எலான் மஸ்க் வாங்கினார். வாங்கிய கையோடு விஜயா கட்டே வெளியே! அடுத்த மாதமே டிரம்பின் கணக்கு திரும்ப வந்தது. தொழிலாளரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மின்னஞ்சலிலே வந்தது வேலைநீக்கம்.

அந்த அம்மையார் சும்மா இருக்கவில்லை. கையில் ஒப்பந்தம் இருந்தது, அதைப் படிக்கவும் தெரிந்திருந்தது. 2024 மார்ச்சில், அவரும் வெளியேற்றப்பட்ட மற்ற மூன்று உயர் அதிகாரிகளும் சேர்ந்து, தரவேண்டிய பணிநீக்கத் தொகை 12 கோடியே 80 இலட்சம் டாலருக்கு மேல் என்று கணக்கெழுதி, மஸ்க் மீதே வழக்குத் தொடுத்தார்கள்.