மெய்யூசியும் பொய்யூசியும்



ஒரு மருந்து உயிரைக் காக்கிறது. அதே மருந்து மூட்டுகளில் வலியையும் உண்டாக்குகிறது. வலி பொறுக்காமல் மருந்தை நிறுத்தினால் பழைய நோய் திரும்பக்கூடும். நிறுத்தாவிட்டாலோ, காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடிவதில்லை. படி இறங்க முடிவதில்லை. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்மணிகள் பலர் இத்தகைய இக்கட்டில் இருக்கின்றனர். சீன நாட்டில் தோன்றிய அக்குபங்சர் என்னும் ஊசி முறை அவர்களுக்கு உதவுமா? இவ்வினாவுக்கு அமெரிக்க மருத்துவர்கள் விடை தேடிய வழியை இன்று காண்போம். விடை மட்டுமன்று, அதைத் தேடிய வழியும் நமக்கு ஒரு பாடமாகும்.

முதலில் மருந்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். மார்பகப் புற்றுநோய் முற்றிய பெண்களுக்குச் சூற்பைகளை அகற்றினால் கட்டி சுருங்கக்கூடும் என்று அவர் 1896-இல் எடுத்துக்காட்டினார். சூற்பை எங்கே, மார்பகம் எங்கே! இரண்டுக்கும் உள்ள தொடர்பு பின்னரே விளங்கிற்று. சூற்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன், மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றின் வளர்ச்சிக்குத் துணை செய்கிறது.

மாதவிடாய் நின்றபின் சூற்பைகள் இந்த ஹார்மோனைச் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆயினும், ஏரியின் மதகை அடைத்த பின்னும் வயலில் ஊற்றுநீர் கசிவதுபோல, உடலின் கொழுப்பிலும் தசையிலும் சிறிதளவு ஈஸ்ட்ரோஜன் உண்டாகிக்கொண்டே இருக்கும். அதை உண்டாக்கும் நொதிக்கு அரோமடேஸ் என்று பெயர். அந்த நொதியைத் தடுக்கும் மருந்துகளே அனாஸ்ட்ரசோல், லெட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் ஆகியவை. நாள்தோறும் ஒரு மாத்திரை வீதம் பொதுவாக 5 ஆண்டுகளேனும் உட்கொள்ள வேண்டும். நோய் திரும்பும் வாய்ப்பை இவை பெரிதும் குறைக்கின்றன.

ஆனால் இம்மாத்திரைகளை உட்கொள்வோரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மூட்டு வலியும் விறைப்பும் வருகின்றன. கை விரல், மணிக்கட்டு, முழங்கால் ஆகியவை பெரிதும் துன்புறும். ஈஸ்ட்ரோஜன் மிகக் குறைந்துவிடுவதே இதற்குக் காரணம் என்று மருத்துவர் கருதுகின்றனர். வலிநிவாரணிகள் உண்டு, எனினும் அவற்றை நெடுங்காலம் உட்கொண்டால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு நேரலாம். ஆகவே சிலர் உயிர்காக்கும் மாத்திரையையே கைவிட்டுவிடுகின்றனர். அபாயம் அங்கேதான் இருக்கிறது.

அக்குபங்சர் முறையில் மயிரிழை போன்ற எஃகு ஊசிகளை உடலில் குறித்த சில இடங்களில் செருகிச் சிறிது நேரம் வைத்திருப்பார்கள். ஊசிக்குள் மருந்து ஒன்றும் இல்லை. “குத்திக்கொண்டேன், குணமாயிற்று” என்று ஒருவர் சொன்னால் அது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. எரு இட்ட வயல் நன்றாக விளைந்தால், அது எருவின் பயனா, மழையின் பயனா? பக்கத்தில் எரு இடாத வயலையும் பார்த்தால்தான் தெரியும். வலியும் அப்படியே. அது தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். நம்பிக்கையினாலும் குறையும், பரிவோடு ஒருவர் கவனிப்பதனாலும் குறையும்.

இதனை உணர்ந்தே, நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் ஹெர்ஷ்மன் அம்மையாரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனையை வகுத்தனர். 2012 முதல் 2017 வரை, 11 மருத்துவ நிலையங்களில், மாதவிடாய் நின்ற 226 பெண்களைச் சேர்த்துக்கொண்டனர். திருவுளச்சீட்டுப் போடுவதுபோல அவர்களை மூன்று பிரிவாக்கினர். 110 பேருக்கு மெய்யான ஊசிமுறை. 59 பேருக்குப் பொய்யூசி; அதாவது, குறித்த இடங்களை விட்டு வேறு இடங்களில் மேலோட்டமாகக் குத்துதல். எஞ்சிய 57 பேர் ஊசியின்றிக் காத்திருந்தனர். ஊசி பெற்றவர்களுக்குத் தாம் பெறுவது மெய்யா பொய்யா என்று சொல்லப்படவில்லை. 6 வாரங்களில் 12 முறையும், பின்னர் 6 வாரங்கள் வாரம் ஒருமுறையும் சிகிச்சை நடந்தது. தம் கடுமையான வலிக்கு 0 முதல் 10 வரை அவர்களே மதிப்பெண் இட்டனர்.

6 வாரம் கழித்துக் கணக்கிட்டபோது, மெய்யூசிப் பிரிவில் சராசரியாக 2.05 மதிப்பெண் குறைந்திருந்தது. பொய்யூசிப் பிரிவில் 1.07, காத்திருந்தவர்களிடையே 0.99. இம்முடிவு 2018-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது.

இந்த எண்களைச் சற்று உற்றுநோக்குங்கள். ஊசியே காணாதவர்களுக்கும் ஏறக்குறைய 1 மதிப்பெண் குறைந்திருக்கிறது! ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிரிவு இல்லாதிருந்தால், குறைந்த 2 மதிப்பெண்ணையும் ஊசியின் கணக்கிலேயே எழுதியிருப்போம். கழித்துப் பார்த்தால், ஊசிக்கு உரியது சுமார் 1 மட்டுமே. அது தற்செயலாக நேர்ந்த வேறுபாடு என்று தள்ளத்தக்கதன்று. 52 வாரம் கழித்துப் பார்த்தபோதும் அந்த வேறுபாடு நிலைத்திருந்ததாக 2022-இல் வெளியிட்டனர். ஆயினும் 1 மதிப்பெண் நோயாளியின் அன்றாட வாழ்வில் எவ்வளவு பெரிது என்பது உறுதியாகவில்லை என்று ஆய்வாளர்களே 2018-இல் எழுதினர். ஊசி குத்திய இடத்தில் கன்றிப்போதல் சிலருக்கு நேர்ந்ததையும் மறைக்கவில்லை. தம் சோதனையின் வெற்றியைத் தாமே அளவிட்டுச் சொல்வதுதான் விஞ்ஞானியின் நேர்மை.

எனவே, ஊசி புற்றுநோயைத் தீர்க்கும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். இந்தச் சோதனை அதைப் பற்றியதே அன்று. ஊசியில் ஒன்றுமே இல்லை என்று ஏளனம் செய்வதும் சரியன்று. வலியை ஓரளவு தணித்து, மாத்திரையைத் தொடர்ந்து உட்கொள்ளச் சிலருக்குத் துணை நிற்குமானால் அதுவே நற்பயன்.

உங்கள் இல்லத்தில் அன்னையோ அத்தையோ இத்தகைய மாத்திரையை உட்கொண்டு, வலியை வெளியே சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருக்கலாம். அல்லது ஒருவருக்கும் தெரியாமல் மாத்திரையை நிறுத்தியிருக்கலாம். அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாத்திரையை மாற்றிக் கொடுத்தல், உடற்பயிற்சி, ஊசிமுறை என்று வழிகள் பல உண்டு. வலியை வாய்விட்டுச் சொன்னால்தான் மருத்துவர் வழிகாட்ட முடியும்.