கழுகுக்கு ஒரு குரல், சிறுத்தைக்கு ஒரு குரல்

கென்யாவின் அம்போசெலியில் வாழும் வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒருவிதமாகவும், கழுகுக்கு வேறுவிதமாகவும், பாம்புக்கு இன்னொரு விதமாகவும் கத்துகின்றன. வெறும் பயம்தானே, அது கூடினால் குரலும் மாறாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ராபர்ட் சேஃபார்த், டோரதி செனி, பீட்டர் மார்லர் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் இதைச் சோதித்து 1980இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எதிரி எதுவும் அருகில் இல்லாதபோது, பதிவு செய்த குரல்களை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டார்கள். சிறுத்தைக் குரல் கேட்டுத் தரையில் இருந்தவை மரமேறின. கழுகுக் குரலுக்கு அண்ணாந்து பார்த்தன, புதருக்குள் ஓடின. பாம்புக் குரலுக்குக் குனிந்து தரையை ஆராய்ந்தன. குரலின் நீளத்தையும் உரப்பையும் மாற்றியும் இந்த வேறுபாடு மறையவில்லை. ஆக, பயத்தின் அளவு மட்டுமல்ல, ஆபத்தின் வகையும் கேட்பவற்றுக்குப் போய்ச் சேருகிறது.

அப்படியானால் இது மொழியா? அவ்வளவு தூரம் போக வேண்டாம். செனகலில் இவற்றின் உறவான பச்சைக் குரங்குகளுக்கு மேலே ட்ரோனைப் பறக்கவிட்டபோது, அதுவரை கண்டிராத அந்தப் பொருளுக்கு அவை வெர்வெட்டின் கழுகுக் குரலை ஒத்த ஒலியையே எழுப்பின. குரல் பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்தது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதில் கற்றல் உண்டு: வெர்வெட் குட்டிகள் தீங்கற்ற பறவைகளுக்கும், சில சமயம் உதிரும் இலைக்கும்கூடக் கழுகுக் குரல் கொடுக்கின்றன; அந்தப் பிழைகள் வயது ஏற ஏறக் குறைகின்றன.