தாத்தா கம்ப்யூட்டரும் ஒரு விஎச்டி ஃபைலும்

நங்கநல்லூர் வீட்ல தாத்தா டைப் பண்ணி வெச்ச குடும்பக் கதை, 2015 வெள்ளத்துல கம்ப்யூட்டரோட போச்சுன்னுதான் நினைச்சோம். மிச்சம், எக்ஸ்டர்னல் டிஸ்க்ல ஒரு விண்டோஸ் 7 பேக்கப்.

அதை மெய்நிகர் டிஸ்க்கா மாத்தணுமா? வேண்டாங்க. 'விண்டோஸ்இமேஜ்பேக்கப்' ஃபோல்டருக்குள்ள இருக்கிறதே விஎச்டி ஃபைல்தான். முதல்ல ஒரு காப்பி எடுங்க. அப்புறம் டிஸ்க் மேனேஜ்மென்ட்ல 'அட்டாச் விஎச்டி'. ரீட்-ஒன்லி டிக் முக்கியம், இல்லைன்னா உள்ளே ஏதாவது மாறிடும். தனி டிரைவா வந்துடும். விர்ச்சுவல்பாக்ஸ்ல அந்தக் கம்ப்யூட்டரையே ஓட்டணும்னா பூட் ரிப்பேர் தேவைப்படலாம். அது வேற தலைவலி.

கதை திறந்துச்சு. ஆனா ஒரே கிறுக்கல்! யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட். நல்லவேளை, அதுவும் அதே டிரைவ்ல, விண்டோஸ் ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல இருந்துச்சு. இன்ஸ்டால் பண்ணோம். பாட்டிதான் முதல்ல படிச்சாங்க.