பழைய எண், புதிய எண்

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் நான் குடியிருக்கும் வீடு. கேட்டில் ஒரு தகரப் பலகை. மேலே ‘பழைய எண்’, கீழே ‘புதிய எண்’, இரண்டும் ஒரே அளவு எழுத்தில். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். சென்னையில் யாரும் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மாநகராட்சி வீடுகளுக்கு எண்களை மாற்றியபோது, ஊரில் உள்ளவர்கள் கையில் எழுதி வைத்திருந்த முகவரிகளை மாற்ற முடியவில்லை. கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, சம்பந்தி வீட்டு டைரி எல்லாவற்றிலும் பழைய எண்தான். ஆகவே இரண்டையும் பலகையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டோம்.

கீழ்வீட்டு மாமிக்குக் கொலு பொம்மை வியாபாரம். நவராத்திரி நெருங்கினால் வடக்கு மாட வீதி நெடுக பொம்மை விரித்துவிடுவார்கள். மாமி அந்தக் கூட்டத்தில் போய் நிற்பதில்லை. பண்ருட்டியிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் வரவழைத்து, இணையத்தில் படம் போட்டு விற்கிறார். போன மாதம் தளத்தைப் புதுப்பித்துக் கொடுத்தவர், எல்லாப் பக்கங்களின் முகவரியையும் மாற்றிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். தளம் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வருடம் தசாவதார செட் வாங்கிய நியூஜெர்சி அம்மாள் பழைய லிங்க்கை அழுத்தினால் 404.

“கடையையே மூடிட்டேளான்னு போன் பண்ணிக் கேக்கறாடா” என்றார் மாமி. எனக்கு டீ வந்தது. அந்த வீட்டில் மற்ற எல்லாருக்கும் ஃபில்டர் காபி. டீ கேட்கிற ஒரே ஜீவன் நான் என்பதால் எனக்கென்று தனி டம்ளர் உண்டு. அதில் மரியாதையும் கொஞ்சம், கேலியும் கொஞ்சம்.

மாமிக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்டால், சர்வர் முதலில் மூன்று இலக்க எண் ஒன்றைச் சொல்லும். 200 என்றால் ‘இதோ இருக்கிறது’. 404 என்றால் ‘அப்படி ஒன்று இங்கே இல்லை’. 410 என்று ஒன்று உண்டு, பலரும் பயன்படுத்துவதில்லை: ‘இருந்தது, எடுத்துவிட்டோம், இனி வராது’. மாமியின் பொம்மைகள் எங்கேயும் போகவில்லை, அடுத்த அறைக்கு மாறியிருக்கின்றன. அதற்குச் சொல்ல வேண்டிய எண் 301. ‘நிரந்தரமாக வீடு மாறிவிட்டோம், புது முகவரி இது’ என்று சர்வர் ஒரு சீட்டைக் கொடுக்கும். பிரவுசர் அந்தச் சீட்டைப் பார்த்துத் தானாகவே அங்கே போய்விடும். நியூஜெர்சி அம்மாளுக்கு நடுவில் ஒன்று நடந்ததே தெரியாது.

“தற்காலிகமா மாறினா?” மாமி சரியான கேள்வி கேட்பவர். அதற்கு 302. நவராத்திரி சமயத்தில் முகப்புப் பக்கத்துக்கு வருகிறவர்களை நேரே கொலு செட் பக்கத்துக்கு அனுப்ப வேண்டும், விஜயதசமி முடிந்தால் பழையபடி ஆக வேண்டும் என்றால் 302 போதும். இரண்டையும் மாற்றிப் போட்டால் வம்பு. 301-ஐப் பிரவுசர் மனதில் வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை சர்வரைக் கேட்காமலேயே புது இடத்துக்குப் போய்விடும். தப்பாக ஒரு 301 கொடுத்துவிட்டு மறுநாள் திருத்தினாலும், முதல் நாள் வந்தவர்களுக்கு அந்தத் தப்பு அவர்கள் பிரவுசரிலேயே தங்கியிருக்கும். அதனால் நான் எப்போதும் 302 போட்டுச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் 301 ஆக்குவேன். ஆர்டர் படிவம் மாதிரி எதையாவது நிரப்பி அனுப்பும் இடங்களில் 307, 308 என்று இரண்டு தம்பிகள் வருவார்கள். நிரப்பியது வழியில் சிந்தாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. மாமிக்கு அது வேண்டாம், வாட்ஸ்அப்பில்தான் ஆர்டர்.

மாமியின் சர்வரில் ஓடுவது அப்பாச்சி என்கிற மென்பொருள். அதில் இது ஒரே ஒரு வரி. (‘ரீடைரக்ட்’ என்ற கட்டளை சர்வருக்கு ஆங்கில எழுத்தில் வேண்டும்; படிக்க வசதியாக இங்கே தமிழில் தருகிறேன்.)

ரீடைரக்ட் 301 /கொலு /பொம்மைகள்

இந்த ஒரு வரி, கொலு என்ற அறையோடு அதற்குள் இருக்கிற எல்லாவற்றையும் சேர்த்து நகர்த்திவிடும். கொலு/தசாவதாரம் என்று கேட்டவர் பொம்மைகள்/தசாவதாரம் போய்ச் சேருவார். எழுதிவிட்டு நிமிர்ந்தால், “இவ்வளவுதானா? இதுக்கா அவன் அத்தனை வாங்கினான்?” என்றார். தளம் செய்தவர் இதைச் செய்யாமல் போனதுதானே பிரச்சினை என்று நான் சொல்லவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

அறைகளின் பெயரும் உள்ளே இருக்கிற பெயர்களும் சேர்ந்து மாறியிருந்தால் ஒரு வரி போதாது. அங்கேதான் மாட் ரீரைட் வருகிறது. ரால்ஃப் எங்கல்ஷால் 1996 ஏப்ரலில் எழுதி, 1997 ஜூலையில் அப்பாச்சி குழுவுக்கு அன்பளிப்பாகத் தந்த மென்பொருள் துண்டு அது. மெட்ராஸ் சென்னையானதும் அதே 1996-இல்தான். அந்தச் சமயத்தில் இங்கே இணைய இணைப்பு வைத்திருந்தவர்களின் மின்னஞ்சல் முகவரி வி.எஸ்.என்.எல். கொடுத்தது, அதில் ‘எம்டி’ என்று மெட்ராஸைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் உண்டு. ஊர் பெயர் மாறிய பிறகும் அந்த இரண்டு எழுத்து முகவரிகளில் மாறவில்லை. சென்ட்ரலுக்கு இன்றும் ரயில்வே குறியீடு எம்ஏஎஸ், விமான நிலையத்துக்கு எம்ஏஏ. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001-இல் தொடங்கியபோது அதன் பெயர் தமிழ் இணையப் பல்கலைக்கழகம். பெயர் மாறிற்று. தமிழ்வியூ.ஆர்க் என்கிற முகவரி, பல்கலைக்கழகத்தின் ‘யூ’வைச் சுமந்துகொண்டு, இன்னமும் அப்படியே இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உலகெங்கும் எத்தனை மாணவர்கள் அந்த முகவரியை எழுதி வைத்திருப்பார்கள்! வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-இல் ஒரு கட்டுரையே எழுதினார், நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று. மாற்றாமல் இருக்க முடிந்தால் மாற்றாதே என்பதுதான் என் கட்சியும். மாற்றிவிட்டால் சீட்டு ஒட்டிவிட்டுப் போ.

மாட் ரீரைட்டில் சரியான பெயரைச் சொல்வதில்லை. பெயரின் சாயலைச் சொல்கிறோம். இன்ன எழுத்துக்கூட்டம் இருக்கிற எல்லாவற்றையும் அங்கே அனுப்பு, என்று. ஆபத்தும் அங்கேதான். மாமி அம்மன் அலங்காரத்துக்கு சின்னச் சின்னக் கொலுசும் விற்கிறார். ‘கொலு’ என்று இருக்கிற எதையும் பொம்மைப் பக்கத்துக்கு அனுப்பு என்று நான் எழுதிய முதல் விதி, கொலுசையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. கொலுசு கேட்டு வந்தவருக்கு மகாவிஷ்ணு தரிசனம்.

“டாக்டர் ரோடு மாதிரியா?” என்றார் மாமி. அதே மாதிரிதான். 1970களின் இறுதியில், எம்.ஜி.ஆர். ஆட்சியில், தெருப்பெயர்களில் ஒட்டியிருந்த சாதிப் பெயரை நீக்குவது என்று முடிவானது. அந்த விதியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் தி.நகர் டாக்டர் நாயர் சாலையின் பலகையை ‘டாக்டர் சாலை’ ஆக்கினார்கள். எந்த டாக்டர்? நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டி.எம். நாயர். ஜி.என். செட்டி சாலை வெறும் ஜி.என். சாலையானது. விதியின் நோக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்காமல் வெட்டியதுதான் கோளாறு. ரீரைட் விதியில் இதற்கு இரண்டு குறிகள் இருக்கின்றன. முன்னால் ஒரு கூரைக் குறி, பின்னால் ஒரு டாலர் குறி. இங்கே ஆரம்பம், இங்கே முடிவு. அவற்றைப் போட்டதும் கொலுசு தன் இடத்துக்குத் திரும்பியது. இன்னொரு பொறியும் உண்டு: கோப்புறைக்குள் தனியே வைக்கக்கூடிய எச்டி-அக்சஸ் என்கிற விதிக் கோப்புக்குள் எழுதும்போது முகவரியின் முதல் சாய்கோட்டைச் சர்வர் உரித்துவிட்டுத்தான் விதியிடம் கொடுக்கும். அதைத் தெரியாமல் விதியில் சாய்கோடு போட்டுவிட்டு ஒரு ராத்திரி முழுக்கத் திரையை முறைத்துக்கொண்டிருந்தவன் நான்.

புதுத் தளத்திலும் முகவரிகள் தமிழிலேயே இருக்கின்றன. அது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் சங்கதி தெரிந்துகொள்ள வேண்டும். ‘பொம்மை’ நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஆறு குறி. ஒவ்வொன்றும் மூன்று பைட். வழியில் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மூன்று இடம் பிடிக்கும். ஆக 54. வாட்ஸ்அப்பில் தமிழ் லிங்க்கை அனுப்பினால் ரயில் மாதிரி நீண்டு வருவது இதனால்தான். சர்வர் அதை மறுபடியும் தமிழாக்கிவிட்டுத்தான் விதியோடு ஒப்பிடும், கவலையில்லை. ஆனால் ‘பொ’வில் ஒரு நுணுக்கம். கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் தட்டலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் தட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. சர்வருக்கு வேறு வேறு. மாமியின் பழைய தளத்தில் இரண்டு வகையும் கலந்து கிடந்தன. இரண்டுக்கும் தனித்தனியே வரி போட்டோம்.

விதிகள் பெருகினால் வட்டம் வரும். ஒரு விதி ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ’ சேர்த்து அனுப்பும், இன்னொன்று அதை எடுத்துவிட்டு அனுப்பும். பாவம் பிரவுசர், பாண்டி பஜாரில் ஒருவழிப் பாதைகளில் மாட்டிக்கொண்ட ஆட்டோ மாதிரி சுற்றும். குரோம் 20 தடவை சுற்றிவிட்டுக் கைவிட்டுவிடும். வரிசையும் முக்கியம். அப்பாச்சியின் ரீடைரக்ட் வரிகளில் முதலில் பொருந்தியதே ஜெயிக்கும். குறிப்பானதை மேலே எழுது, பொதுவானதைக் கீழே எழுது. தொலைந்த எல்லாவற்றையும் முகப்புக்கு அனுப்பிவிடுவது சோம்பேறித்தனம். தசாவதாரம் கேட்டவரை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் மறுபடி தேட வேண்டும். அதற்கு நேர்மையாக 404 சொல்லலாம்.

இரண்டாவது டீயின்போது விஷயம் கதவுக்குப் போனது. பண்ருட்டிக்காரர்கள் மாமிக்குக் கொடுக்கும் மொத்த விலைப்பட்டியல் ஒரு கோப்புறையில் கிடந்தது. அந்தக் கோப்புறையின் பெயரைத் தட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் வரிசையாகத் தெரிந்தது, தேதியோடு. மாமி ஒரு நிமிடம் பேசவில்லை.

தளம் செய்தவர் ரோபாட்ஸ் கோப்பில் ‘இங்கே வராதே’ என்று எழுதி வைத்திருந்தார். அது பூட்டு இல்லை, பூங்காவில் ‘பூக்களைப் பறிக்காதீர்கள்’ பலகை. கூகுள் மாதிரி மரியாதை தெரிந்த தேடுபொறிகள் கேட்டுக்கொள்ளும். பறிக்க வந்தவனுக்கோ பூ எங்கே இருக்கிறதென்று அதுவே காட்டிக்கொடுக்கும். பூட்டு என்றால் சர்வரே மறுக்க வேண்டும். அடையாறு தியசாபிகல் சொசைட்டி வாசலை நினைத்துக்கொள்ளலாம்: ஆலமரத்தைப் பார்க்க யார் எப்போது போகலாம் என்பதை முடிவு செய்வது கேட்டில் நிற்பவர். அவர் ‘நீங்கள் யார், சொல்லுங்கள்’ என்றால் அது 401. ‘யாராக இருந்தாலும் கிடையாது’ என்றால் 403.

அப்பாச்சி 2.4-இல் இதற்கு ரிக்வயர் என்று ஒரு சொல். இங்கே எல்லாரும் ஒரு தடவையாவது விழும் குழி ஒன்று இருக்கிறது. ‘எல்லாருக்கும் அனுமதி’ என்று ஒரு வரி ஏற்கெனவே இருக்கிறது. அதன் கீழே ‘இந்த வீட்டு இணைப்புக்கு மட்டும்’ என்று இன்னொரு வரி சேர்த்தால் கதவு இறுகிவிடும் என்று நினைப்போம். இறுகாது. சும்மா அடுக்கிய ரிக்வயர் வரிகளில் ஏதாவது ஒன்று பொருந்தினாலே போதும், கதவு திறந்துவிடும். முதல் வரியை எடுத்தாக வேண்டும். என்ஜின்எக்ஸ் சர்வரின் போக்கே வேறு. அனுமதி, மறுப்பு வரிகளை மேலிருந்து கீழே படித்து முதலில் பொருந்தியதோடு நிறுத்திக்கொள்ளும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் பழைய பழக்கத்தில் எழுதிவிட்டுத் தவிப்பார்கள்.

மாமியின் கோப்புறைக்குள் ஓர் எச்டி-அக்சஸ் கோப்பு எழுதிக் கடவுச்சொல் வைத்தோம். பட்டியல் காட்டும் வசதியை அணைத்தோம். கடவுச்சொல் கோப்பைத் தளத்துக்கு வெளியே, யாரும் முகவரி தட்டி எட்ட முடியாத இடத்தில் வைத்தோம். பிறகு சோதித்துப் பார்த்தால், கதவு பழையபடி திறந்தே இருந்தது.

எழுத்துப்பிழை ஏதுமில்லை. அப்பாச்சி 2.4 எச்டி-அக்சஸ் கோப்பை, முதன்மை அமைப்பில் அனுமதி கொடுத்தால் ஒழிய, படிக்கவே படிக்காது. திட்டவும் திட்டாது. பேசாமல் தாண்டிப் போய்விடும். நான் வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டிய கடிதத்தை வாட்ச்மேன் மேஜையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். முதன்மை அமைப்புக் கோப்பு நம் கையில் இருந்தால் விதிகளை அங்கேயே எழுதுவதுதான் நல்லது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் கோப்புறை கோப்புறையாக எச்டி-அக்சஸைத் தேடும் வேலையும் சர்வருக்கு மிச்சம். அப்படியே மாற்றினோம். இந்த முறை 401 வந்தது. மாமி தானே கடவுச்சொல் தட்டி உள்ளே போய், வெளியே வந்து, மறுபடியும் போய்ப் பார்த்தார்.

“பழைய வரியெல்லாம் எத்தனை நாள் வச்சிருக்கணும்?” குறைந்தது ஒரு வருடம் என்கிறது கூகுள். நான் எடுக்கவே மாட்டேன். இடத்தை அடைப்பதில்லை, சோறு கேட்பதில்லை.

ஒரு வாரம் கழித்துச் சர்வரின் பதிவேட்டை எடுத்து, 404 விழுந்த முகவரிகளை மட்டும் பொறுக்கினோம். பழைய தளத்தில் நாங்கள் மறந்துபோன நாலு பக்கங்கள் கிடைத்தன. ஐந்தாவதாக ஒன்று, தினமும் ஏழெட்டுத் தடவை தட்டப்பட்டிருந்தது: ‘பொமைகள்’. அப்படி ஒரு பக்கம் எப்போதுமே இருந்ததில்லை. மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், எழுந்து உள்ளே போனார், புதுத் தளத்துக்கென்று அச்சடித்த துணிப்பை ஒன்றோடு வந்தார். பையின் மேல் பெரிய எழுத்தில் தள முகவரி, ஒரு ‘ம்’ குறைவாக.

அதற்கும் ஒரு வரி எழுதினேன். மிச்சப் பைகள் இருநூறு பரணில் இருக்கின்றனவாம்.