ஒரு லிட்டர் பெட்ரோலும் எட்டு பாட்டரிகளும்

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையைப் பார்த்திருக்கிறீர்களா? கர்நாடகத்திலிருந்து வரும் தென்பெண்ணையாறு இங்கே தேக்கப்படுகிறது. ஆற்றைப் போலவே, இப்பகுதியின் தொழில்களும் மாநில எல்லையைப் பொருட்படுத்துவதில்லை. ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் பொம்மசந்திரா என்னும் தொழிற்பேட்டை உள்ளது. 2001-ஆம் ஆண்டில் அங்கிருந்துதான் 'ரேவா' என்ற மின்சாரக் கார் வெளிவந்தது.

அதன் நீளம் சுமார் 2.6 மீட்டர், கதவுகள் இரண்டே. பெரியவர் இருவர் முன்னால் அமரலாம். பின்னால் சிறுவர்களுக்குத்தான் இடம். லண்டனில் 'ஜி-விஸ்' என்ற பெயரில் அது விற்பனையானபோது கார்ப் பிரியர்கள் பலர் கேலி செய்தனர். "இது காரா, பொம்மையா?" என்பதே அவர்கள் கேள்வி.

விந்தையான கார்கள் இப்பகுதிக்குப் புதியவை அல்ல. 1970-களில் பெங்களூரில் 'பாதல்' என்ற மூன்று சக்கரக் கார் தயாரானது. அடுத்து 1980-களில் சிபானி நிறுவனம் 'டால்பின்' என்ற காரைச் செய்தது. இரும்புத் தகட்டுக்குப் பதில் கண்ணாடி இழையால் ஆன உடல். 848 கன செ.மீ. எஞ்சின். எடை குறைவாக இருந்ததால் அது துள்ளி ஓடியது. பழைய கார்ப் பிரியர்கள் இன்றும் அதை அன்போடு நினைவுகூர்கிறார்கள்.

அவர்களில் பலர் மின்சாரக் காரை ஏற்பதில்லை. "எஞ்சின் ஒலி இல்லை, பழுதானால் ஸ்பானரை எடுத்து நாமே சரிசெய்ய முடியாது, பாட்டரியோ பெரும் பாரம்" என்கின்றனர். ஒலி அவரவர் விருப்பம். பழுது பார்ப்பதைப் பற்றிய குறையில் உண்மை உண்டு. பாரத்தை மட்டும் நாம் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ரேவாவில் 6 வோல்ட் ஈய-அமில பாட்டரிகள் எட்டு இருந்தன. மொத்தம் 48 வோல்ட். கொள்ளளவு 200 ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் 9,600 வாட்-மணி, அதாவது 9.6 யூனிட். இந்த பாட்டரிகளின் எடை 250 கிலோவுக்கும் அதிகம். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய ஆற்றலோ சுமார் 9 யூனிட். அதன் எடை முக்கால் கிலோதான்! ஆகவே, பாரம் என்ற குறை முற்றிலும் உண்மை.

ஆனால் கணக்கு இத்துடன் முடியவில்லை. சிறிய பெட்ரோல் கார் அந்த 9 யூனிட்டில் ஏறக்குறைய 20 கி.மீ. ஓடும். ஆற்றலில் பெரும்பகுதி எஞ்சினிலிருந்து வெப்பமாக வீணாகிவிடுகிறது. மின் மோட்டாரில் இழப்பு மிகக் குறைவு. எனவே ரேவா 80 கி.மீ. வரை ஓடும் என்று அதைத் தயாரித்தவர்கள் கூறினர். பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, இயக்க ஆற்றலில் ஒரு பகுதியை பாட்டரிக்குத் திருப்பி அனுப்பும்.

இதிலும் ஒரு திருத்தம் தேவை. அனல்மின் நிலையத்தில் நிலக்கரி தரும் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அதைக் கழித்தால், நான்கு மடங்காகத் தோன்றிய லாபம் பெரிதும் சுருங்கிவிடும். காற்றாலையிலிருந்தும் சூரிய ஒளியிலிருந்தும் மின்சாரம் கிடைத்தால் இந்தக் கழிவு இல்லை.

2009-இல் லித்தியம் பாட்டரி பொருத்திய ரேவாவும் வந்தது. ஒரு கிலோ ஈய-அமில பாட்டரி 30 முதல் 40 வாட்-மணி ஆற்றலைத் தேக்கும். லித்தியம் பாட்டரி 150-க்கும் மேல் தேக்கக்கூடியது. இன்று ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்கள் அதை நம்பியே ஓடுகின்றன.

உங்கள் ஊரில் ஒரு மின்சார ஸ்கூட்டர் இருந்தால், அது எத்தனை யூனிட் தேக்குகிறது, எத்தனை கி.மீ. ஓடுகிறது என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பெட்ரோல் ஸ்கூட்டருக்கும் இதே கணக்கைப் போடுங்கள். பிறகு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.