குழந்தைக்கு இரண்டு பசி

மாரி பிறந்துவிட்டால் கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரைகளில் தோணிகள் மணலில் ஏறிக் கிடக்கும். கடல் அடங்கும்வரை மீனவ வீடுகளில் உழைப்பில்லை. பெரியவர்கள் அரைவயிற்றோடு பொறுத்துக்கொள்வார்கள். ஒரு வயதுப் பிள்ளைக்குப் பொறுக்கத் தெரியுமா? அது அழும். பிளேன்டீயில் பாண் துண்டைத் தோய்த்துக் கொடுப்போம். அழுகை நின்றுவிடும். ஆனால், பசி தீர்ந்துவிட்டதா தாய்மார்களே?

ஆயிரம் நாட்கள்

கரு உண்டான நாள் முதல் இரண்டாவது வயது நிறையும்வரை ஏறத்தாழ ஆயிரம் நாட்கள். அதற்குள் பிள்ளையின் மூளை, வளர்ந்த மனிதனின் மூளையில் சுமார் 80 வீத அளவை எட்டிவிடுகிறது. அந்த வளர்ச்சிக்குப் புரதமும் இரும்புச்சத்தும் அயடீனும் வேண்டும். பாணும் தேநீரும் வயிற்றை நிரப்பும், இவற்றைத் தராது. போதாக்குறைக்கு, தேயிலையில் உள்ள ஒரு பொருள் மற்ற உணவிலுள்ள இரும்புச்சத்தும் உடம்பில் சேராமல் தடுக்கிறது.

இந்தக் குறை உடனே கண்ணுக்குத் தெரியாது. பிள்ளை சற்றுக் கட்டையாக இருக்கும். "வாப்பாவைப் போல" என்று சொல்லிவிடுவோம். பேச்சுப் பிந்தும், விளையாட்டில் நாட்டம் குறையும். பிறகு பள்ளிக்கூடத்தில் பாடம் ஏறவில்லை என்று பிள்ளையைத்தான் ஏசுவோம்.

இது எங்கள் ஊர்களின் கவலை மட்டுமல்ல. வறிய, நடுத்தர வருமான நாடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 25 கோடிப் பிள்ளைகள் தமக்குரிய வளர்ச்சியை எட்டாமல் போகும் ஆபத்தில் இருப்பதாக 2016இல் லான்செட் மருத்துவ சஞ்சிகை கணக்கிட்டது.

நாங்கள் கண்ட கஷ்டங்கள்

2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறித்தது அம்பாறை மாவட்டத்தில்தான். மருதமுனை முதல் பொத்துவில் வரை கூடாரங்களில் வளர்ந்த கைக்குழந்தைகள் எத்தனையோ. பின்னர் 2022இல் பொருளாதாரம் சரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் உணவுப் பொருட்களின் விலை, முந்திய ஆண்டைவிட 90 வீதத்துக்கும் மேல் ஏறியிருந்தது. 1970களிலிருந்து தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கிடைத்துவந்த திரிபோஷாவும் சோளத் தட்டுப்பாட்டால் தடைப்பட்டது.

அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. வெளிநாடு செல்லும் தாயின் கடைசிப் பிள்ளைக்கு ஐந்து வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்றிருந்த விதி, இரண்டு வயது என்று தளர்த்தப்பட்டது. கடனில் மூழ்கிய வீட்டிலிருந்து புறப்படும் தாயை நாம் குறைசொல்ல முடியாது. ஆனால், அந்தப் பிள்ளையோடு இனி யார் பேசுவார்கள் என்று கேட்காமலும் இருக்க முடியாது. ஏனென்றால், குழந்தைக்கு இன்னொரு பசியும் இருக்கிறது.

ஜமெய்க்காவில் கண்ட உண்மை

1986-87இல் ஜமெய்க்காவின் கிங்ஸ்டன் நகரில், போஷாக்கின்றி வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தார்கள். சிலருக்குப் பால்மா கொடுத்தார்கள். சிலரின் வீட்டுக்கு வாரம் ஒரு தடவை சுகாதார உதவியாளர் சென்று, பிள்ளையோடு பேசி விளையாடத் தாய்க்குப் பழக்கினார். சிலருக்கு இரண்டும் கிடைத்தன, சிலருக்கு எதுவுமில்லை. விளையாட்டுச் சாமான்கள் வீட்டிலேயே செய்தவை. இரண்டு வருடங்கள் இப்படி நடந்தது.

இருபது வருடங்கள் கழித்துப் பார்த்தபோது, விளையாட்டும் பேச்சும் கிடைத்தவர்கள் மற்றவர்களைவிட 25 வீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பால்மாவால் மட்டும் அறிவு வளர்ச்சியில் கிடைத்த நன்மை நிலைக்கவில்லை. உணவு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். உணவு மட்டும் போதாது என்பதே.

நம் கையில் உள்ளவை

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதன்பின் மற்ற உணவோடு இரண்டு வயதுவரை தாய்ப்பால். பாலூட்டலுக்கு இரண்டு முழு ஆண்டுகளைத் திருக்குர்ஆனும் குறிப்பிடுவதை நாம் அறிவோம்.

ஆறு மாதம் கடந்த பிள்ளையின் சோற்றில் முள் நீக்கிய மீன், முட்டை, பயறு, முருங்கைக்கீரை என்று ஏதாவதொன்றை மசித்துச் சேருங்கள். தேநீர் வேண்டவே வேண்டாம். கிளினிக் அட்டையில் நிறைக்கோடு ஏறாமல் நின்றால், அடுத்த மாதம் பார்ப்போம் என்று இருக்காமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். பிள்ளைக்கென்று தரும் திரிபோஷாவை வீடு முழுக்கப் பங்கிடாதீர்கள்.

இரண்டாவது பசிக்குக் காசு தேவையில்லை. மீன் கழுவும்போதும் உடுப்புத் துவைக்கும்போதும் பிள்ளையோடு பேசுங்கள். அதன் மழலைக்குப் பதில் சொல்லுங்கள். இரண்டு சிரட்டை, துண்டுத் துணியில் தைத்த ஒரு பந்து போதும் விளையாட. மூத்தம்மாவின் ஓராட்டும் கதையும் பிள்ளைக்கு முதல் பள்ளிக்கூடம். தாய் வெளிநாட்டில் என்றால் அந்தப் பொறுப்பு வாப்பாவுக்கும் மூத்தம்மாவுக்கும் வருகிறது. தொலைக்காட்சிக்கோ கைத்தொலைபேசிக்கோ அல்ல.

தாயின் மனம் நொந்திருந்தால் அவளுக்குப் பேச்சும் வராது, சிரிப்பும் வராது. ஆகவே பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காரியைக் கண்டால், பிள்ளையின் நிறையை மட்டும் கேட்காமல், "நீ சாப்பிட்டியா?" என்றும் கேளுங்கள்.

வறுமை நாளையே நீங்கிவிடாது. ஆனால் இந்த ஆயிரம் நாட்கள் திரும்பி வராது. பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். அவர்களுடைய இரண்டு பசியையும் அறிந்து ஆற்றுவோம்.